தீபாவளி ஆஃபர் மெயில் ஏன் ஸ்பேமில் விழுகிறது? ‘இலவசம்’ என்ற வார்த்தையா காரணம்? ஜிமெயில் பார்ப்பதே வேறு!

ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்வோம். பில் போடும்போது கேட்டு வாங்கிய மெயில் ஐடிக்கள் பத்து வருடத்தில் எட்டாயிரம் சேர்ந்திருக்கின்றன. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, ஆன்லைனில் வாங்கினால் 20 சதவீதம் தள்ளுபடி என்று பட்டுப்புடவை படத்தோடு ஒரு மெயில் தயார் செய்து, எட்டாயிரம் பேருக்கும் ஒரே நாளில் தட்டிவிடுகிறார்கள். அனுப்பிய சாஃப்ட்வேர் ‘டெலிவர்டு’ என்று பச்சை டிக் காட்டுகிறது. ஆனால் ஆர்டர் மட்டும் வரவில்லை.

கடைக்கு வந்த தெரிந்த வாடிக்கையாளரிடம் கேட்டால், “மெயிலா? அப்படி எதுவும் வரலையே” என்கிறார். அவர் போனை வாங்கித் தேடினால், ஸ்பேம் ஃபோல்டரில், ‘உங்களுக்கு லாட்டரியில் பரிசு விழுந்துள்ளது’ என்ற மோசடி மெயிலுக்குக் கீழே கிடக்கிறது கடையின் தீபாவளி ஆஃபர்.

இது கற்பனைக் கடைதான். ஆனால் மெயில் மூலம் வியாபாரம் செய்யும் எந்தச் சிறு நிறுவனத்துக்கும் நடக்கக்கூடியது. ‘டெலிவர்டு’ என்றால் எதிர்ப்பக்க சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம். வாங்கியதை இன்பாக்ஸில் வைத்ததா, ஸ்பேமில் போட்டதா என்பதை அந்த பச்சை டிக் சொல்லாது.

விஷயம் ஆஃபரோடு நிற்பதும் இல்லை. ஒரு டொமைனின் பெயர் கெட்டுவிட்டால், அடுத்த வாரம் அதே டொமைனில் இருந்து போகும் பில், ஆர்டர் உறுதி, பாஸ்வேர்டு மாற்றும் மெயில் எல்லாமே ஸ்பேமுக்குள் போகத் தொடங்கும். பணம் கட்டிய வாடிக்கையாளர் “பில்லே வரலை, ஏமாத்திட்டாங்களா?” என்று போன் செய்வார்.

சரி, ஸ்பேம் ஃபில்டர் எதைப் பார்த்து முடிவு செய்கிறது? அதைத் தாண்டி இன்பாக்ஸுக்குப் போக நேர்மையான வழி என்ன?

முதலில் ஒரு தவறான நம்பிக்கை

‘ஃப்ரீ என்று எழுதாதே, ஆச்சரியக்குறி போடாதே, சப்ஜெக்ட்டில் ரூபாய்க் குறி வைக்காதே.’ மெயில் மார்க்கெட்டிங் பற்றித் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். ‘தவிர்க்க வேண்டிய 200 வார்த்தைகள்’ என்று பட்டியலே சுற்றுகிறது.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து குதித்ததல்ல. ஒரு காலத்தில் ஃபில்டர்கள் உண்மையிலேயே வார்த்தைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தன.

விளம்பர மெயிலின் கதை 1978 மே மாதம் தொடங்குகிறது. டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் மார்க்கெட்டிங் பார்த்த கேரி துயர்க், இன்டர்நெட்டின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு, புது கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள் என்று ஒரே மெயிலை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். கேட்காமல் வந்த கடிதம் என்று அப்போதே திட்டு விழுந்தது.

1990-களில் மெயில் பரவலானதும் ஸ்பேமும் வெள்ளமாக வந்தது. அதற்கு எதிராக வந்த ஃபில்டர்களில் பிரபலமான ஸ்பேம் அசாசின், மதிப்பெண் போடும் வாத்தியார் மாதிரி. சந்தேகமான ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு மார்க். மொத்தம் 5-ஐத் தொட்டால் வழக்கமான அமைப்பில் அது ஸ்பேம். 2002 ஆகஸ்ட்டில் பால் கிரஹாம் என்ற புரோகிராமர் வெளியிட்ட கட்டுரை இதை இன்னொரு படி நகர்த்தியது. எந்த வார்த்தை கெட்டது என்று மனிதன் பட்டியல் போட வேண்டாம். ஸ்பேம் ஒரு குவியல், நல்ல மெயில் ஒரு குவியல் என்று கொடுத்தால், நிகழ்தகவுக் கணக்கு வழியாக கம்ப்யூட்டரே கற்றுக்கொள்ளும் என்றார். அவர் கண்டதில் சுவாரஸ்யமானது எது தெரியுமா? எழுத்துக்குப் பளிச்சென்ற சிவப்பு நிறம் கொடுக்கும் குறியீடு, ஆபாச வார்த்தைகளுக்கு நிகராக ஸ்பேமைக் காட்டிக்கொடுத்தது!

ஸ்பேமர்கள் சும்மா இருப்பார்களா? எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்தார்கள், ‘ஓ’ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போட்டார்கள், வாசகத்தையே படமாக மாற்றி ஒட்டினார்கள். வார்த்தையை மட்டும் நம்பினால் வேலைக்கு ஆகாது என்பது ஃபில்டர் செய்பவர்களுக்குப் புரிந்தது. இப்படி எழுத்தை மாற்றி ஏமாற்றும் வித்தையைப் பிடிக்கவே 2023-ல் ‘ரெட்வெக்’ என்ற தொழில்நுட்பத்தை ஜிமெயிலில் சேர்த்ததாகவும், அதனால் ஸ்பேமைக் கண்டுபிடிப்பது 38 சதவீதம் மேம்பட்டதாகவும் கூகுள் சொன்னது.

ஆக, ‘இலவசம்’ என்பதை ‘இ.ல.வ.ச.ம்’ என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பது இன்று தலைகீழ் பலனைத்தான் தரும். மறைக்க முயல்பவர் என்ற சந்தேகமே அதிகமாகும். மெயிலில் என்ன எழுதியிருக்கிறது என்பது இப்போதும் கணக்கில் உண்டு, ஆனால் அது முதல் கேள்வி இல்லை. முதல் கேள்விகள் இரண்டு. அனுப்புவது உண்மையில் நீதானா? பெறுபவர் இதைக் கேட்டாரா?

அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம்

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும்போது இடது பக்கம் ‘அனுப்புநர்’ என்று போட்டு முகவரி எழுதச் சொல்வார்கள். அங்கே உங்கள் பெயருக்குப் பதில் கலெக்டர் பெயரை எழுதி தபால் பெட்டியில் போட்டால்? கடிதம் போய்ச் சேரும். தபால்காரர் ‘இது நிஜமாகவே கலெக்டர் எழுதியதா?’ என்று கேட்க மாட்டார்.

மெயிலும் அப்படித்தான். மெயில் அனுப்பும் அடிப்படை விதிமுறையான எஸ்எம்டிபி 1982-ல் எழுதப்பட்டது. அப்போது நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான். ஒருவரை ஒருவர் நம்பினார்கள். அனுப்புநரைச் சோதிக்கும் ஏற்பாடே அதில் இல்லை. வங்கியின் பெயரில் வரும் போலி மெயில்கள் எல்லாம் நுழைந்தது இந்த ஓட்டை வழியாகத்தான்.

ஓட்டையை அடைக்கப் பிறகு வந்தவை மூன்று. பெயர்கள்தான் மிரட்டும், விஷயம் எளிது.

முதலாவது எஸ்பிஎஃப். ‘என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்தச் சர்வர்களுக்கு மட்டும்தான் அனுமதி’ என்று நீங்களே ஒரு பட்டியலை உங்கள் டொமைனின் டிஎன்எஸ் பதிவில் ஒட்டிவைப்பது. மெயில் வந்ததும் ஜிமெயில் அந்தப் பட்டியலைப் பார்க்கும்.

இரண்டாவது டிகிம். பழைய காலத்தில் ஓலைக்கு அரக்கு முத்திரை வைப்பார்களே, அதேதான். ஒவ்வொரு மெயிலிலும் கண்ணுக்குத் தெரியாத டிஜிட்டல் முத்திரை ஒன்று பதியும். வழியில் யாராவது உள்ளடக்கத்தை மாற்றினால் முத்திரை உடைந்துவிடும். யாஹூவும் சிஸ்கோவும் தனித்தனியாகச் செய்துவந்த இரண்டு முயற்சிகளை இணைத்து உருவானது இது.

மூன்றாவது டிமார்க். மேலே சொன்ன இரண்டிலும் ஒரு மெயில் தேறாவிட்டால் என்ன செய்வது என்று டொமைன் சொந்தக்காரர் கொடுக்கும் உத்தரவு. ‘ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்கு அறிக்கை மட்டும் அனுப்பு’, ‘ஸ்பேமில் போடு’, ‘வாசலிலேயே திருப்பி அனுப்பு’ என்று மூன்று நிலைகள் உண்டு.

டிமார்க்கில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பல கடைகள் தடுக்கி விழும் இடம் இது. முத்திரை இருந்தால் மட்டும் போதாது. மெயிலில் ‘அனுப்புநர்’ என்று தெரியும் டொமைனின் பெயரிலேயே அந்த முத்திரை இருக்க வேண்டும். ஏதோ ஒரு மெயில் சேவையில் கணக்கு தொடங்கி, செட்டிங்ஸ் எதையும் தொடாமல் அனுப்பினால் என்ன ஆகும்? கடிதத்தில் உங்கள் கடை பெயர், அரக்கில் அந்தச் சேவையின் பெயர். இரண்டும் பொருந்தவில்லை. போச்சு.

2024 பிப்ரவரியில் மாறியது என்ன?

இந்த மூன்றும் பல வருடங்களாக இருந்தாலும், விருப்பம் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலைதான் நீடித்தது. 2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அறிவிப்பு வெளியிட்டன. 2024 பிப்ரவரி முதல், மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு இவை கட்டாயம்.

கூகுள் வைத்த எல்லைக்கோடு: 24 மணி நேரத்தில் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 5,000 அல்லது அதை ஒட்டிய எண்ணிக்கையில் மெயில் அனுப்புபவர்கள். ஒரே டொமைனின் கிளைகளில் இருந்து போகும் மெயில்களும் சேர்த்தே எண்ணப்படும். ஒரு முறை 5,000-ஐத் தொட்டுவிட்டால், அந்த டொமைன் நிரந்தரமாக அந்தப் பட்டியலில்தான். ‘தீபாவளிக்கு மட்டும்தானே சார்’ என்ற சமாதானம் எடுபடாது. நம் ஜவுளிக் கடையின் எட்டாயிரத்தில் பெரும்பாலானவை ஜிமெயில் ஐடியாகவே இருக்கும் என்பதால், ஒரே நாளில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

அப்படியானால் ஐநூறு பேருக்கு அனுப்பும் சின்னக் கடை தப்பித்ததா? முழுசாக இல்லை. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது எல்லோருக்கும் கட்டாயம். பெரிய அனுப்புநர் என்றால் மூன்றும் வேண்டும். ஹாட்மெயில், அவுட்லுக் மெயில்களை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதம் முதல் அதே 5,000 கணக்கோடு இதே மாதிரி விதிகளைக் கொண்டுவந்துவிட்டது.

செய்வது கடினமா? டொமைன் வாங்கிய நிறுவனத்தின் தளத்தில் லாகின் செய்து, டிஎன்எஸ் பக்கத்தில் சில வரிகளைச் சேர்ப்பதுதான் வேலை. ஸோஹோ கேம்பைன்ஸ், மெயில்சிம்ப், பிரெவோ போன்ற எந்தச் சேவையைப் பயன்படுத்தினாலும், எந்த வரியை எங்கே ஒட்ட வேண்டும் என்று அவர்களே காட்டுவார்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் சொன்னால் அரை மணி நேர வேலை. ஒன்றில் மட்டும் கவனம்: ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். புதுச் சேவைக்கு மாறும்போது பழைய வரியை விட்டுவிட்டு இன்னொரு வரியைச் சேர்த்தால், இரண்டுமே செல்லாமல் போய்விடும். இரண்டு சேவைகளும் வேண்டுமென்றால் ஒரே வரிக்குள் இரண்டையும் எழுத வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க நிபுணர் தேவையில்லை. உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மெயிலை அனுப்பி, கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்துங்கள். மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருந்தால் சரி.

கடை பெயரில் டொமைனே இல்லை, ஜிமெயில் ஐடிதான் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறு ஒரு மொத்த மெயில் சேவை வழியாக அனுப்பினால், கூகுளின் முத்திரை அதில் இருக்காது. ஃபில்டர் கண்ணுக்கு அது போலி ஜிமெயில். யாஹூ 2014-லேயே தன் பெயரில் வெளியிலிருந்து வரும் மெயில்களை நிராகரிக்கச் சொல்லிவிட்டது. ஜிமெயிலுக்குள் இருந்தே ‘பிசிசி’ போட்டு அனுப்பலாமே என்றால், இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சத்தில் சொந்த டொமைன் கிடைக்கும் காலம் இது. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆயிரத்தில் மூன்று பேர் போதும்

முத்திரை, பட்டியல் எல்லாம் சரி. இப்போது ஃபில்டருக்கு நீங்கள் யார் என்று தெரியும். ஆனால் அடையாள அட்டை இருப்பதாலேயே ஒருவரை வீட்டுக்குள் விட்டுவிடுவோமா? இரண்டாவது கேள்வி இனிதான்: பெறுபவர் உங்களை விரும்புகிறாரா?

இதை ஜிமெயில் அளக்கும் நேரடியான வழி, ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ பட்டன். இன்பாக்ஸுக்கு வந்த மெயில்களில் எத்தனையை மக்கள் ஸ்பேம் என்று புகார் செய்கிறார்கள் என்ற விகிதம் நாள்தோறும் கணக்கிடப்படுகிறது. அது 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், 0.3 சதவீதத்தை ஒருபோதும் தொடக்கூடாது என்பது கூகுளின் விதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் இன்பாக்ஸில் மெயில் விழுந்து, அதில் மூன்றே மூன்று பேர் எரிச்சலில் அந்தப் பட்டனைத் தட்டினால் 0.3 சதவீதம் ஆகிவிட்டது. எட்டாயிரத்துக்கு 24 பேர். ஒரு கல்யாண மண்டபத்தில் எட்டாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டு 24 பேர் குறை சொன்னால் அது அமோக வெற்றி. மெயிலில் அது தோல்வி.

இதில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. ஏற்கெனவே ஸ்பேமில் விழுந்த மெயிலை யாரும் ஸ்பேம் என்று புகார் செய்ய முடியாது. அதனால் எல்லா மெயிலும் ஸ்பேமுக்குப் போகும் மோசமான நிலையில் இருப்பவருக்குப் புகார் விகிதம் குறைந்து, நிலைமை நன்றாக இருப்பதுபோலத் தெரியும். எண் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படும் முன், மெயில் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் விகிதம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள கூகுள் ‘போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்’ என்ற இலவச வசதியை வைத்திருக்கிறது. டொமைன் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும். ஆனால் தினமும் ஓரளவு எண்ணிக்கையில் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்குத்தான் அதில் தகவல் வரும்.

இந்த விவகாரம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. நிதி கேட்டு அனுப்பும் தங்கள் மெயில்களை ஜிமெயில் வேண்டுமென்றே ஸ்பேமுக்குத் தள்ளுகிறது என்று குடியரசுக் கட்சியின் தேசியக் குழு 2022 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. அரசியல் பார்த்து ஃபில்டர் செய்வதில்லை, பயனாளர்கள் என்ன செய்கிறார்களோ அதைத்தான் ஃபில்டர் பிரதிபலிக்கிறது என்பது கூகுளின் வாதம். 2023 ஆகஸ்ட்டில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பணமும் வக்கீல்களும் உள்ள ஒரு பெரிய கட்சிக்கே ஸ்பேம் ஃபோல்டரைத் தாண்டுவது இந்தப் பாடு என்றால், தெருமுனைக் கடை என்ன செய்யும்? அதன் கையில் இருப்பது ஒன்றுதான்: யாருக்கு அனுப்புகிறோம் என்பது.

அந்த எட்டாயிரம் ஐடிக்கள் எங்கிருந்து வந்தன?

ஸ்பேம் பிரச்சினையின் வேர் பெரும்பாலும் இந்த எக்செல் ஷீட்டில்தான் இருக்கிறது.

பில் கவுன்ட்டரில் “மெயில் ஐடி சொல்லுங்க சார்” என்று கேட்கிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. பில்லுக்குத்தான் போல என்று அவர் சொல்லிவிடுகிறார். ஆஃபருக்கு அவர் சம்மதிக்கவே இல்லை. பொருட்காட்சியில் லக்கி டிரா பெட்டியில் போட்ட சீட்டு, கல்யாண மொய் மாதிரி நண்பர் கொடுத்த பட்டியல், ‘ஒரு லட்சம் பிசினஸ் மெயில் ஐடி’ என்று விலைக்கு வாங்கிய ஃபைல். எல்லாம் ஒரே ஷீட்டில் கலந்துவிடுகின்றன.

இதில் விலைக்கு வாங்கிய பட்டியல்தான் வெடிகுண்டு. ஏன் என்றால், அதில் பொறி முகவரிகள் ஒளிந்திருக்கும். ஸ்பேமர்களின் கறுப்புப் பட்டியலைப் பராமரித்துவரும் ஸ்பேம்ஹவுஸ் போன்ற அமைப்புகள், எந்த மனிதருக்கும் சொந்தமில்லாத மெயில் ஐடிக்களை உருவாக்கிக் காத்திருக்கின்றன. அந்த ஐடியை யாரும் எந்தக் கடையிலும் கொடுத்திருக்க முடியாது. அதற்கு உங்களிடமிருந்து ஒரு மெயில் வந்தால், நீங்கள் சம்மதம் வாங்காமல் எங்கிருந்தோ சுட்ட பட்டியலுக்கு அனுப்புகிறீர்கள் என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை. இன்னொரு வகைப் பொறியும் உண்டு: ஒரு காலத்தில் நிஜ மனிதர் பயன்படுத்தி, பிறகு கைவிட்டு, பல காலம் கழித்துப் பொறியாக மாற்றப்பட்ட முகவரிகள். பத்து வருடப் பழைய ஷீட்டில் இவை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எழுத்துப்பிழையும் சாதாரணம் இல்லை. அவசரத்தில் ‘ஜிமெயில்’ என்பதில் ஓர் எழுத்து இடம் மாறினாலும் மெயில் திரும்பி வரும். இப்படித் திரும்பி வருவது அதிகமானால், ‘இவருக்குத் தன் வாடிக்கையாளரையே தெரியவில்லை’ என்று ஃபில்டர் முடிவு கட்டும். திரும்பி வந்த முகவரிக்கு மறுபடி அனுப்பவே கூடாது.

நல்ல வழி எது? ஐடி வாங்கும்போதே ‘ஆஃபர் விவரம் மெயிலில் அனுப்பலாமா?’ என்று தனியாகக் கேட்பது. ஆமாம் என்றால், முதலில் ஒரு உறுதி மெயில் மட்டும் போகட்டும். அதில் உள்ள லிங்க்கை அவர் தொட்டால் மட்டுமே பட்டியலில் சேர்ப்பது. ‘டபுள் ஆப்ட்-இன்’ என்பார்கள். இப்படிச் செய்தால் பட்டியல் பாதியாகக்கூடக் குறையலாம். குறையட்டும். விரும்பிக் கேட்ட மூவாயிரம் பேர், யாரென்றே தெரியாத எட்டாயிரத்தைவிட மேல். முதலாளிகளுக்கு இதை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வராது. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் ஒரு நிம்மதி.

பல மாதங்களாக ஒரு மெயிலையும் திறக்காதவர்களை என்ன செய்வது? ‘இன்னும் அனுப்பட்டுமா?’ என்று கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டு நீக்கிவிடலாம். ஒரு விஷயம்: 2021-ல் ஐபோனில் வந்த மெயில் பிரைவசி வசதி, மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்குக் காட்டும். அதனால் லிங்க்கைத் தொட்டார்களா, வாங்கினார்களா என்பதைப் பார்ப்பதுதான் நம்பகமானது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் மார்க்கெட்டிங் மெயிலுக்கென்றே தனிச் சட்டம் கிடையாது. டிராயின் 2018 விதிகள் போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். ஆனால் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக என்று சொல்லித் தெளிவான சம்மதம் வாங்க வேண்டும், சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. வெளிநாட்டுத் தமிழர்களுக்குப் புடவை, நகை, பலகாரம் விற்கும் கடைகளுக்கு இன்னும் ஜாக்கிரதை தேவை. கனடாவில் 2014 ஜூலை முதல் முன் சம்மதம் இல்லாமல் வர்த்தக மெயில் அனுப்பவே கூடாது. அமெரிக்காவின் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி, வேண்டாம் என்றவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும், மெயிலில் கடையின் உண்மையான தபால் முகவரி இருக்க வேண்டும்.

வெளியே போகும் கதவைத் திறந்து வையுங்கள்

‘அன்சப்ஸ்கிரைப்’ லிங்க்கை மெயிலின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் ஒளித்து வைப்பது ஒரு பழக்கம். தொட்டால் லாகின் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும், ‘ஏன் போகிறீர்கள்?’ என்று பத்துக் கேள்வி கேட்கும்.

வாடிக்கையாளர் எதற்கு இவ்வளவு கஷ்டப்பட வேண்டும்? பக்கத்திலேயே ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ பட்டன் இருக்கிறது. ஒரே தட்டு. வெளியேறும் கதவைப் பூட்டினால் கூட்டம் கண்ணாடியை உடைத்துக்கொண்டுதான் போகும். உடைவது உங்கள் டொமைனின் பெயர்.

மொத்தமாக விளம்பர மெயில் அனுப்புபவர்களுக்கு ஒரே தொடுதலில் விலகும் வசதியை கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கியதும் இதனால்தான். மெயிலின் மேலே, அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் தெரிகிறதே ‘அன்சப்ஸ்கிரைப்’, அது இந்த ஏற்பாடுதான். விலகக் கேட்டவரை 2 நாட்களுக்குள் நீக்க வேண்டும். நல்ல மெயில் சேவைகள் இதைத் தாமாகவே செய்துவிடும்.

மெயிலுக்குள் என்ன இருக்க வேண்டும்?

இதற்குச் சொல்ல அதிகம் இல்லை. மொத்த ஆஃபரையும் ஒரே பெரிய போஸ்டர் படமாக ஒட்டாதீர்கள். படத்தில் எழுத்தை ஒளிப்பது ஸ்பேமர்களின் பழைய வேலை என்பதால் சந்தேகம் வரும், படம் லோடு ஆகாத போனில் வெள்ளைப் பக்கம்தான் தெரியும். லிங்க்கைச் சுருக்கித் தரும் பொதுச் சேவைகள் வேண்டாம், அதே டொமைனை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். சொந்த வெப்சைட் லிங்க்கையே கொடுங்கள். பதில் மெயில் அல்லாததற்கு சப்ஜெக்ட்டில் ‘ரீ:’ என்று போட்டு ஏமாற்றாதீர்கள். 102 கேபி-யைத் தாண்டினால் ஜிமெயில் மெயிலைப் பாதியில் வெட்டிவிடும். அடியில் இருக்கும் அன்சப்ஸ்கிரைப் லிங்க்கும் அதோடு மறையும்.

‘இலவசம்’, ‘தள்ளுபடி’ எல்லாம் தாராளமாக எழுதலாம், உண்மையாக இருந்தால்.

இன்னொரு குழப்பம்: ஜிமெயிலில் ‘புரமோஷன்ஸ்’ என்ற தனிப் பகுதியில் மெயில் விழுவதைப் பலர் ஸ்பேம் என்று நினைத்துப் பதறுகிறார்கள். அது ஸ்பேம் இல்லை. இன்பாக்ஸின் ஒரு பிரிவுதான். ஆஃபர் தேடுபவர்கள் அங்கேதான் போய்ப் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே பெயர் கெட்டுவிட்டதா?

புது டொமைன் வாங்கி அடுத்த நாளே எட்டாயிரம் மெயில் தட்டிவிடலாம் என்று தோன்றும். அது இன்னும் மோசம். நேற்று பிறந்த டொமைன் இன்று ஆயிரக்கணக்கில் மெயில் அனுப்புவது ஸ்பேமர் செய்யும் வேலை. ஃபில்டருக்கு அது நன்றாகவே தெரியும்.

முதலில் விளம்பர மெயிலை நிறுத்த வேண்டும். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் சரியா என்று பார்த்து, பட்டியலைச் சலிக்க வேண்டும். பிறகு, சமீபத்தில் பொருள் வாங்கியவர்கள், மெயிலுக்குப் பதில் போட்டவர்கள் என்று ஐம்பது, நூறு பேரில் இருந்து தொடங்கி, சில வாரங்களில் மெதுவாகக் கூட்ட வேண்டும். பில்லும் ஆர்டர் உறுதியும் ஒரு துணை டொமைனில், ஆஃபர் இன்னொரு துணை டொமைனில் என்று பிரித்துவிட்டால், ஒன்றில் வரும் அடி மற்றதைத் தாக்குவது குறையும். முழுசாகத் தப்பாது, தாய் டொமைன் ஒன்றுதானே. இழந்த பெயர் திரும்ப வாரங்கள் பிடிக்கும் என்பதால், தீபாவளிக்கான இந்த வேலையை ஆடியிலேயே தொடங்குவது புத்திசாலித்தனம்.

மெயில் பெறுபவர்கள் கவனத்துக்கு

கடை எதுவும் நடத்தாதவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நீங்கள் தட்டும் ஒவ்வொரு ‘ஸ்பேம்’ பட்டனும் ஓர் ஓட்டு. நீங்களே ஐடி கொடுத்த கடையின் மெயில் சலித்துவிட்டால், மேலே இருக்கும் ‘அன்சப்ஸ்கிரைப்’பைத் தொட்டாலே போதும். இரண்டு நாளுக்குப் பிறகும் வந்தால் தாராளமாக ஸ்பேம் என்று புகார் செய்யுங்கள். ஆனால், யாரென்றே தெரியாதவர் லாட்டரி, பார்சல், கேஒய்சி என்று அனுப்பிய மெயிலுக்குள் இருக்கும் ‘அன்சப்ஸ்கிரைப்’ லிங்க்கைத் தொடவே வேண்டாம். அந்த லிங்க் போலி வெப்சைட்டுக்கு இழுத்துப் போகலாம். இந்த ஐடியில் ஆள் இருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கவும் செய்யலாம். அதற்கு ‘ரிப்போர்ட் ஸ்பேம்’தான்.

பணம் கட்டியும் பில் வரவில்லை என்றால், கடைக்குப் போன் செய்யும் முன் ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள். ஜிமெயிலில் 30 நாள் வரைதான் அது அங்கே இருக்கும். இருந்தால் ‘நாட் ஸ்பேம்’ என்று ஒரு தட்டுத் தட்டுங்கள், அடுத்த பில் இன்பாக்ஸுக்கு வர அது உதவும்.